குதிரைக்காக நிமிர்ந்த முதுகு

ஓவர்லாக் மிஷினில் பனியன் ஓரம் தைத்துத் தைத்து மாரிச்செல்வத்தின் முதுகு கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. விளாத்திகுளத்திலிருந்து திருப்பூருக்கு வந்த நாள் முதலாக, அந்த மிஷினை விட்டு ஓட அவன் வழி தேடிக்கொண்டிருந்தான்.

2006இல் ஒரு வழி வந்தது. பனியன் கம்பெனி முதலாளி ஆத்தப்பன் தன் மகளுக்கு வாங்கிய குதிரை, அவள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் தோட்டத்தில் சும்மா நின்றது.

"காலைல யாராச்சும் அதை ஓட்டோணுமுங்க" என்றார். மாரிச்செல்வம் முந்திக்கொண்டான். குதிரைக்காரனாகவே நிலைத்துவிட்டால் மிஷினைத் தலைமுழுகிவிடலாம்.

ஏறியதும் பழக்கதோஷத்தில் குனிந்தான். வேகம் எடுக்க, பெடலை மிதிப்பதுபோல் வலது காலை அதன் விலாவில் அழுத்தினான். குதிரை இடப்பக்கம் ஒதுங்கிப் போய் வேலியோரம் நின்றது.

குதிரையேற்றம் பழக்க வந்த மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல்ல முதுகை நிமித்துங்க!"

அதற்கு அவரே பயிற்சியும் சொன்னார். குதிகாலும் தோளும் தலையும் சுவரில் ஒட்ட நிற்க வேண்டும். கைகளைப் பின்னால் கோத்து நெஞ்சை விரிக்க வேண்டும். ஒரு காலை முன்னால் மடக்கி, பின்தொடை இழுபட இடுப்பை இறக்க வேண்டும். டீ நேரத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவன் இதைச் செய்ய, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இங்கேயே கிடக்கப்போகிறவர்கள்தானே!

மழைக்காலம் முடிவதற்குள் முதுகு நிமிர்ந்தது. குதிரையும் சொன்னபடி கேட்டது.

ஒருநாள், நிமிர்ந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவன் பின்னால் ஆத்தப்பன் வந்து நின்றார்.

"மாரி, இப்ப முதுகு வலிக்குதுங்களா?"

"சுத்தமா இல்ல மொதலாளி."

"நல்லதாப் போச்சுங்க. ஷிப்மென்ட் அவசரம், இனி நைட் ஷிப்டும் நீங்களே பாத்துருங்க. குதிரைக்கு வேற ஆள் வெச்சுக்கறனுங்க."

மாரிச்செல்வம் வலது காலைப் பெடலில் ஓங்கி அழுத்தினான். குதிரையாக இருந்தால் ஒரு பக்கமாவது ஒதுங்கியிருக்கும். மிஷின் நின்ற இடத்திலேயே ஓடியது.