துணிக்கு ஒரு படி இளைத்த நூல்

பையக்கா துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்து, நுனியைப் பற்றவைக்கிறார். காகிதம் எரிந்த வாசனை வந்தால் பருத்தி. சுருண்டு கருப்பு மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். அந்தத் துணிச்சுருளை அவர் மறுபடி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். எதிரே துணிக்கடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீருடன் தயாராக நிற்கிறார்.

"அக்கா, துணி வாங்க வந்தீங்களா, கடையைக் கொளுத்த வந்தீங்களா?"

"நல்ல துணின்னா உங்களுக்கு எதுக்கு தம்பி பயம்?" என்று சொல்லி, அந்தத் தண்ணீரையும் பிடுங்கித் துணியில் ஊற்றி, ஈரத்தோடு முறுக்கி இழுப்பார்.

பை தைப்பது அவர் தொழில். முன்னறைதான் பட்டறை: ஒரு மிதி தையல் இயந்திரம், மடிப்பைத் தட்டி அமுக்க ஒரு சுத்தியல், உட்கார வந்தவர்களை நிற்கவைக்கும் துணிக்குவியல். யாரும் சொல்லித்தரவில்லை, கிழிந்த பைகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். வந்தவர் முகத்தைப் பார்க்குமுன் அவர் பையின் கைப்பிடியைப் பார்த்துவிடுவார். ஒருமுறை பேருந்து வரிசையில் முன்னால் நின்ற அம்மாளின் பையைத் திருப்பி உள்தையலைப் பார்க்கப்போய், திருடி என்று பெயர் வாங்கினார். "திருடுற மாதிரியா இருந்துச்சு அந்தப் பை?" என்பதுதான் அவருடைய வருத்தம்.

எல்லாவற்றின் மீதும் அவருக்கு ஒரு தீர்ப்பு உண்டு. "சணல் பாக்கத்தான் பயில்வான். மழைல நனைஞ்சா அழுதுடும்." "லினன் நல்லதுதான். ஆனா மடிச்ச இடத்துலயே மடிச்சா முறுக்கிக்கிட்டு முறிஞ்சுடும், எங்க மாமனார் மாதிரி." "தோலா? செத்த பிறகும் எண்ணெய் கேக்கும்." தடித்த பருத்திக்கு மட்டும் முகம் மலரும். நனைந்தால் அது இன்னும் இறுகும்.

நூல் விஷயத்தில் இன்னும் கறார். நூல் துணியைவிட ஒரு படி இளைத்ததாக இருக்கவேண்டும். "பாரம் தாங்கலைன்னா நூல் அறுந்துடணும். தையல் விட்டா தைச்சுக்கலாம். நூல் முரடா இருந்தா துணியை அறுத்துடும். துணி போனா பையே போச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டுக்கொடுத்தாத்தான் குடும்பம்."

"இந்த வீட்டுல அந்த நூல் நான்தான்" என்று உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுப்பார்.

கணவர் குழாய் வேலைக்காரர். கொடுத்த எதையும் முழுதாகத் திருப்பிக்கொண்டுவந்ததில்லை; அதனால்தான் புதுத் துணியைச் சோதிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. ரெஞ்சும் இரும்பு இணைப்புகளும் போட்டு ஒரு மாதம் அவர் தூக்கிய பை பிழைத்தால், அந்தத் துணி தேறிவிட்டது.

இந்த முறை வந்தது வருடக்கணக்காகப் பையக்கா தேடிய ரகம்: நெருக்கமான நெசவு, பழுப்பு நிறம், கையில் கனம். மாதிரித் துண்டில் ஒரு பை தைத்துக் கணவருக்குக் கொடுத்துவிட்டு, முழுச் சுருளையும் வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். "வெட்டாத வரைக்கும் திருப்பி எடுத்துக்குறேன். கத்தரி பட்டா அது உங்க துணி" என்றார் கடைக்காரர். ஒரு வாரம் வீட்டில் அந்தத் துணியைத் தவிர வேறு பேச்சில்லை.

பிறகு ஒரு மாலை, கணவர் நொண்டிக்கொண்டு வந்தார். கைப்பிடியடியில் துணி கோடு போட்டதுபோல் கிழிந்து, ரெஞ்சு காலில் விழுந்திருந்தது. பையக்கா காலைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள், சுருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியனுப்பியதும், கடைக்காரர் வண்டியோடு வந்தார். "யோசிச்சுக்குங்க அக்கா. மெத்தை உறை தைக்கிறவரு இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு."

"தூங்குறதுக்குத்தான் லாயக்கு. கொண்டு போங்க." அவர் சுருளைப் பார்க்காமலே சொன்னார்.

கணவர் முக்கி முனகிச் சுருளை வண்டியில் ஏற்றினார். மூச்சுப் பிடித்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பையக்காவின் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தார். பொத்தானோடு காசளவு சட்டைத் துணியும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது.

"பொத்தான் யாரு தைச்சா?"

"நான்தான். உனக்கு எங்க நேரம்?"

பையக்கா பொத்தானிலிருந்து நூலை உருவித் தீக்குச்சி கிழித்தார். நூல் சுருண்டு, கருப்பு மணியாகத் திரண்டது.

"ஏங்க... அந்தப் பையையும் இந்த நைலான்லதான் தைச்சீங்களா?"

கணவர் வண்டிச் சக்கரத்தை உற்றுப் பார்த்தார். "கைப்பிடித் தையல் விட்டுப்போச்சு. நீ அந்தத் துணியை அப்படித் தலைல தூக்கிவெச்சு ஆடுன. எப்படி வந்து சொல்றது? கெட்டியா இருக்கட்டும்னு நாலு தையல் போட்டேன். கிழிஞ்சதும் நூலை உருவிப் போட்டுட்டேன்."

"மாமா, உங்க ரெஞ்சாலேயே உங்க தலையில அடிக்கணும்" என்றார் கடைக்காரர். "என்னக்கா, வண்டியை எடுக்கட்டுமா?"

பையக்கா உள்ளே போய்க் கத்தரியோடு வந்தார். வண்டியில் கிடந்த சுருளின் நுனியைப் பிரித்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார். கணவரின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, ஓட்டைக்கு உட்புறம் அதை வைத்துப் பொத்தானைத் தைத்தார். பிறகு அவர் நெஞ்சில் முகம் முட்டக் குனிந்து, பருத்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.