கனுவுக்கு மறுநாள் விழுந்த மைனாக்கள்

தலைநகரின் கிட்வாய் நகர் குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்த ஆண்டுகளில், கனுப் பொங்கலன்று காலை என் மனைவி மொட்டை மாடியில் வாழையிலைத் துண்டை விரித்துப் பறவைகளுக்குச் சோறு வைப்பாள். முந்தைய நாள் சோற்றில் ஒரு பங்குக்குத் தயிர், ஒரு பங்குக்கு மஞ்சள், இன்னொன்றுக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு. வெள்ளை, மஞ்சள், சிவப்பு உருண்டைகள் வரிசையாக அமரும். உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்கவேண்டிப் பெண்கள் செய்வது அது. அவளுக்குத் தஞ்சாவூரில் ஒரே தம்பி.

எண்பதுகளின் நடுவே ஒரு கனுவுக்கு மறுநாள் காலை, எங்கள் கட்டடத்தின் பின்னால் வேப்பமரங்களின் அடியில் மைனாக்கள் செத்துக் கிடந்தன. ஈரப் புல்லிலும் நடைபாதையிலும் கால்வைக்க இடமில்லை. போபாலில் விஷவாயு பரவிச் சில வாரங்களே ஆகியிருந்தன. காற்றில் ஏதோ கலந்துவிட்டது என்றார்கள் சிலர். குடிதண்ணீரில் என்றார்கள் வேறு சிலர். அப்போது கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மாடிக்கு வந்து, நனைந்த இலையில் ஒட்டியிருந்த சிவப்புப் பருக்கைகளைக் கண்டாள்.

“பெஹன்ஜி, யே லால் சாவல் க்யா ஹை?”

இந்தச் சிவப்புச் சோறு என்ன என்று அவள் கேட்ட கேள்வியால், மதியத்துக்குள் விஷத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

விலங்குகளின் நோய்க்கூற்றியல் என் தொழில். மைனாக்களைக் கோணிப்பையில் அள்ளி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், சிலவற்றை அறுத்துப் பார்த்தேன். மற்றவற்றைக் குளிரறையில் வைத்தேன். மண்டையோட்டின் அடியில் இரத்தக் கட்டு, முறிந்த சிறகெலும்புகள், கன்றிய மார்புத் தசை. தீனிப்பையில் பூச்சிகளும் பழவிதைகளும் இருந்தன, சோறு இல்லை. முதல்நாள் இரவு இடியோடு ஆலங்கட்டி விழுந்ததை எல்லோரும் கேட்டிருந்தோம். பின்னர் பெய்த மழை, விடியுமுன் அதைக் கரைத்துவிட்டது. இதோடு இன்னொன்றும் உண்டு. வீடுகளுக்குள் குளிர்கால வெயில் வரவேண்டும் என்று குடியிருப்போர் மனுக்கொடுத்து, முந்தைய மாதம்தான் வேப்பங்கிளைகளை வெட்டச் செய்திருந்தார்கள். வழக்கமான மரத்தில் அடைந்த பறவைகளுக்கு மேலே ஓர் இலைகூட இல்லை. இந்த முடிவில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

ஞாயிறன்று புல்வெளி வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்களிடம் இதைச் சொன்னேன். குடியிருப்போர் சங்கச் செயலர் சிரித்தார்.

“டாக்டர் சாப், ஓலே தோ ஹர் சால் கிர்தே ஹைன்.”

ஆலங்கட்டி ஆண்டுதோறும் விழத்தான் செய்கிறது. ஆண்டுதோறும் மரத்தில் இலை இருந்தது என்றேன். அவர் முகம் மாறியது. எதிர்வீட்டு மதுரைக்காரர் குறுக்கே புகுந்தார்.

“அடடே, வெயில் கேட்டதுக்கு எங்களையே கொலைகாரனாக்கிட்டீங்களே! சர்க்கார் ஆளு சார் நீங்க. காத்துல விஷம் இருந்தாலும் இல்லைன்னுதானே எழுதுவீங்க?”

நான் கோபப்படவில்லை. பொய்யால் ஏமாற்றப்பட்டவர்கள் மெய்யையும் ஐயுறுவது இயல்பு. காத்திருக்கும் பொறுமை சான்றுகளுக்கு உண்டு. எனக்குத் தலைவலியாக அமைந்தது வேறொரு நீதிமன்றம்.

“ஏன்னா, சுண்ணாம்பு ஜாஸ்தியாப் போட்டுட்டேனோ?” என்றாள் என் மனைவி அடுக்களையிலிருந்து.

“கனுவுக்கு வந்தது காக்கா. செத்தது மைனா. ஒரு காக்காகூடச் சாகலை.”

“மைனா வரலைன்னு மாடியில உக்காந்து பார்த்தேளா?”

“வயித்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும் அறுக்க வேண்டாம். கொஞ்சம் பார்த்தாப் போறும், அதான் முறை.”

“அப்போ மிச்சத்துல?”

அவள் அடுப்பைத் தணித்தாள். “தம்பி நன்னாயிருக்கணும்னு வச்சது இத்தனை உயிரை வாங்கித்துன்னா, இனிமே எனக்குக் கனு வேண்டாம்.”

கருத்தரங்குகளில், மிச்சத்தைப் பற்றி அவள் கேட்டதைவிடச் சரியான கேள்விகளை நான் அதிகம் கேட்டதில்லை. மறுநாள் குளிரறையிலிருந்த மைனாக்கள் அனைத்தையும் திறந்தேன். “ரிப்போர்ட் போயாச்சே சாப்!” என்று உதவியாளர் வியந்தார். அதை ஏற்காதவர் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

மாலையில் வாசற்படியிலேயே சொன்னேன். “எல்லாத்தையும் திறந்துட்டேன். எதிலயும் இல்லை.”

அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். “கையை நன்னா அலம்பிண்டேளோ?” என்று கேட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனாள்.

அடுத்த ஆண்டும் மாடியில் மூன்று நிற உருண்டைகளும் அமர்ந்தன. கீழ்வீட்டு அம்மாள் மட்டும் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். மரங்களை வெட்டச் சொல்லி அவ்வாண்டு யாரும் மனுக்கொடுக்கவில்லை. என் விளக்கத்தை ஏற்றதாகவும் யாரும் சொல்லவில்லை.

சென்ற மழைக்காலத்தில் என் மனைவி இறந்துபோனாள். இப்போது நான் மயூர் விஹாரில் இருக்கிறேன். இந்தக் கனுவன்று காலை அவள் தம்பி தொலைபேசியில் அழைத்தார்.

“அத்திம்பேர், அக்கா இல்லாத முதல் கனு.”

“ஆமாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லை, நன்னாயிருக்கேன். சொல்லணும்னு தோணித்து.”

துக்க ஆண்டில் பண்டிகை கிடையாது. கனு ஆண்கள் வைப்பதும் அன்று. தொலைபேசியை வைத்துவிட்டு, முந்தைய இரவுச் சோற்றை மூன்றாகப் பிரித்தேன். சிவப்புக்குச் சுண்ணாம்பு எடுத்தபோது விரல் நுனியளவோடு நிறுத்திக்கொண்டேன். சுண்ணாம்பு எதையும் கொல்லவில்லை என்பதை என்னைவிட உறுதியாக அறிந்தவர் யாருமில்லை. சோறு வெளிறிய சிவப்பாகத்தான் வந்தது. அதையே பால்கனியில் வைத்தேன்.