இளநீரும் பத்தியமும்

அடையாறு டாக்டரின் எடை மிஷினை நான் நம்பவில்லை. அது நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று காட்டியபோது, முள்ளை அவரே கொஞ்சம் தள்ளி வைத்திருப்பார் என்றுதான் தோன்றியது. ஆள் பருமனாக இருந்தால்தானே ஆபரேஷன், ஆபரேஷன் இருந்தால்தானே அவருக்குப் பிழைப்பு. திரும்பி வரும் வழியில், மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து விறகுத்தொட்டி வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தச் சொன்னேன். விறகு நிறுக்கிற பெரிய தராசு அங்கே சங்கிலியில் தொங்கும். அதன் தட்டில் ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் ரிக்‌ஷாவிலேயே உட்கார்ந்து, என்னைத் தெரியாதவர் மாதிரி எதிர்ச் சுவரின் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, கட்டை வாங்க வந்தியா, குந்திக்கினு போக வந்தியா?" என்றான் தொட்டிக்காரன்.

"எவ்வளவு இருக்கேன்னு போட்டுப் பாருங்க."

அவன் சிரிக்கவில்லை. இருபது கிலோப் படிக்கல் ஐந்தை எதிர்த் தட்டில் வைத்தான், தட்டு அசையவில்லை. பத்து வைத்தான், ஐந்து வைத்தான், அப்புறம்தான் என் கால் தரையை விட்டது. "நூத்திப் பதினஞ்சு" என்றான். விறகுக்காரன் தராசு எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டும், அது ஊருக்கே தெரியும். அந்தக் கொஞ்சத்தைக் கழித்தால் டாக்டர் சொன்னதுதான் வந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. என் அப்பாவுக்கு என்னுடைய உடம்புதான், அதே கழுத்து, அதே மூச்சு வாங்கல். நாற்பத்தொன்றாவது வயதில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இந்த உடம்போடு போனால் எனக்கும் அப்பா வயதைத் தாண்டுவது கஷ்டம் என்று இருதய டாக்டர் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அப்பா போன வீட்டில் இன்னொன்றும் நடந்தது. எனக்குப் பதினாறு வயது. ஒப்பாரிக்கு நடுவில் அப்பாவின் அக்கா, என் அம்மாவைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சோறு போட்டே எந்தம்பிய அனுப்பி வச்சிட்டாளே" என்றாள். அம்மா தலை குனிந்தபடியே இருந்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் யாருக்கும் தன் கையால் பரிமாறியதில்லை. சமைப்பாள், சட்டியை நடுவில் வைப்பாள், நகர்ந்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம்" என்ற வார்த்தை எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. கல்யாணமாகி நான் மெட்ராஸ் வந்த பிறகு, ஊருக்குப் போனாலும் அப்படித்தான். எனக்கு வேண்டியதை நானே போட்டுக்கொள்வேன், வேண்டியதற்கு மேலும் போட்டுக்கொள்வேன்.

அடையாறு டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சிறுகுடலின் ஆரம்பத்தையும் முடிவையும் ஒன்றாகத் தைத்துவிட்டால் நடுவில் இருக்கும் குடல் சும்மா கிடக்கும், சாப்பிட்டதில் பாதி உடம்பில் ஒட்டாது என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். படம் நன்றாக இருந்தது. நன்றாகப் படம் போடுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"இங்கே மூணு பேருக்கு."

"மூணு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றார், கோபப்படாமல்.

"ஒருத்தரையாவது காட்டுங்க."

அடுத்த வாரம் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. குண்டான யாருடைய சட்டையையோ வாங்கி மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். அந்த மனிதர் என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கக்கூஸ்தாம்மா" என்றார். "எங்க போனாலும் மொதல்ல அது எங்க இருக்குன்னு பார்த்துக்கணும்." சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்த ஆள் இதைச் சொல்ல மாட்டான் என்று பட்டது. அன்றைக்கே சரி என்றேன்.

என் கணவர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் படிக்காமலே போட்டார். பாண்டி பஜாரில் எங்கள் ஊர்க்காரர் நடத்திய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தவர் அவர். ஒரு சேலையில் இழை விட்டிருந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவர் என் உயிர் சம்பந்தப்பட்ட தாளைப் படிக்கவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பத்து நாள் கழித்து மந்தைவெளி வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் தொளதொளச் சட்டைக்காரர் சொன்னது புரிந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை. எங்கள் வீடு மூன்று குடித்தனம், கொல்லைப்புறத்தில் ஒரே கக்கூஸ். காலையில் மற்றவர்கள் வாளியோடு வரிசையில் நிற்க, நான் உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். எனக்குக் காலரா என்று பக்கத்துக் குடித்தனத்துக்காரி தன் பிள்ளைகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவளை நான் என்றைக்கும் மன்னிக்கவில்லை.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கழிச்சலோடு உடம்பிலிருக்கும் பொட்டாசியம் என்ற உப்பும் போய்விடும், அதை ஈடுகட்ட தினமும் இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, கூடவே மூன்று வேளை ஒரு உப்பு மருந்து. அந்தச் சீட்டை அலமாரிக் கண்ணாடியில் என் கணவர் ஒட்டி வைத்தார்.

ஊரிலிருந்து அம்மா வந்தாள். வந்ததும் சீட்டை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பச்சைப் புண்ணு வயித்துக்குள்ள இருக்கு, எளநி குடிக்கச் சொல்லுதாரா? வாழப்பழமா? சீதளம் ஏறிட்டுன்னா சன்னி வந்துரும் பிள்ள. பிள்ள பெத்தவளுக்கே நாம குடுக்க மாட்டோம், இது வயித்தையே கீறியிருக்கு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் பக்கம் உடம்பில் கத்தி பட்டால் பத்தியம்தான். மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, வயிறு கட்டுவதற்குச் சுண்டைக்காய் வற்றல், சுக்கு போட்டுக் காய்ச்சிய தண்ணீர், அதுவும் அரை டம்ளர். அதிகம் குடித்தால் அதிகம் போகும் என்பது அம்மாவின் கணக்கு. அந்த உப்பு மருந்தோ தொண்டையிலிருந்து வயிறு வரை எரித்துக்கொண்டு இறங்கியது. இரண்டு நாள் குடித்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து கொல்லைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். இரண்டு வாரத்தில் செடி பட்டுப்போனது.

"பாத்தியா" என்றாள் அம்மா. "மரத்துக்கே இந்தக் கதின்னா மனுஷிக்கு?"

ஆனால் நான் அவள் பேச்சைக் கேட்டதற்கு உண்மையான காரணம் மருந்தும் இல்லை, செடியும் இல்லை. வந்த முதல் நாள் மத்தியானம், எனக்கு நிமிர முடியாததால், அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரசம் சோற்றைப் பிசைந்து தன் கையால் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டாள். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்டேன். அன்று அவள் விஷத்தை வைத்திருந்தாலும் வாங்கிச் சாப்பிட்டிருப்பேன்.

எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் அம்மாவை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தப் பங்கையும் சேர்த்துக் கணவர் மேல் போட்டேன். அவர் தினமும் கடை விட்டு வரும்போது லஸ் முனையில் இரண்டு இளநீர் வாங்கி வருவார். வேண்டாம் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், மறுநாளும் வாங்கி வருவார். ஆகாது என்று அம்மா அத்தனை சொல்லியும் ஒரு மனிதன் நிறுத்தாமல் இளநீர் வாங்கி வந்தால் என்ன அர்த்தம்? நான் போய்ச் சேர்ந்தால் அவருக்கு வேறு பெண் பார்க்க அவர் வீட்டில் ஆள் இல்லாமலா இருந்தது? படிக்காமல் போட்ட கையெழுத்து அடிக்கடி நினைவுக்கு வந்தது. அந்த இளநீரை அம்மா மறுநாள் காலை பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளுக்கு வெட்டிக் கொடுத்துவிடுவாள்.

மீன்கார அம்மாள் வாசலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். "இன்னாம்மா, ஆளு பாதியாய்க்கினு வர்றே. மூஞ்சில ரத்தமே இல்ல. இந்த எளநிய நீ குடிச்சா இன்னா?"

இவளும் அவர் பேச்சையே பேசுகிறாளே என்று அவளையும் சந்தேகப்பட்டேன்.

ஆறாவது வாரம். உடம்பில் இருபது கிலோ குறைந்திருந்தது. காலை பத்து மணி இருக்கும், கொல்லையிலிருந்து திரும்பி வரும்போது கால் மடங்கியது. வலி இல்லை, மயக்கமும் இல்லை. கால் இருப்பது தெரிந்தது, நான் சொன்னதைத்தான் அது கேட்கவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன், கையும் கேட்கவில்லை. நெஞ்சு மட்டும் தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டது. அப்பா கை கழுவப் போனதை நினைத்தேன். எனக்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறதே என்று முட்டாள்தனமாக ஒரு கோபம் வந்தது.

கடையிலிருந்து ஓடிவந்த கணவர் டாக்ஸியில் அடையாறுக்குக் கொண்டுபோனார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்றார். கையில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இருதயம் நின்னிருக்கும். உடம்புல அந்த உப்பே இல்லை. மருந்து குடிச்சீங்களா?"

"இல்லை."

"இளநீர்? பழம்?"

"இல்லை. பத்தியம் இருந்தேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "யார் சொன்னது உங்களுக்கு?"

கதவுக்கு வெளியே பெஞ்சில், ரசம் சோறு இருந்த டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு எட்டு வைத்தவரின் கோட்டை எப்படியோ எட்டிப் பிடித்தேன். அன்றைக்கு என் கை கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"டாக்டர், அவங்ககிட்டச் சொல்லாதீங்க. எங்கப்பாவைச் சோறு போட்டுக் கொன்னவங்கன்னு ஒரு தடவை கேட்டாச்சு. இதைத் தாங்க மாட்டாங்க."

"அப்ப நான் என்ன சொல்லணும்?"

"உங்க மருந்து ஒத்துக்கலைன்னு சொல்லுங்க."

"என் பேரை நானே கெடுத்துக்கணுமா?"

"ஆமா."

அவர் என் கையிலிருந்து கோட்டை விடுவித்துக்கொண்டார். பிறகு வெளியே போனார். அவர் குரல் எனக்குக் கேட்டது. "நாங்க குடுத்த மருந்து அளவு சரியில்லம்மா. மாத்தியாச்சு. உங்க பத்தியத்தால ஒண்ணும் இல்ல. இனிமே அது வேண்டாம், இளநீரும் பழமும் நீங்கதான் உங்க கையால குடுக்கணும், அதுதான் புது மருந்து." அம்மா அவரை என்னென்னவோ சொல்லித் திட்டினாள். அவர் நின்று கேட்டுக்கொண்டார். அவருடைய எடை மிஷினைச் சந்தேகப்பட்டதற்கு நான் மனதுக்குள் வெட்கப்பட்டேன்.

கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா அந்த இளநியெல்லாம் மீன்காரிக்குக் குடுக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாங்கிட்டு வந்தீங்க?"

"ஒரு நாளாவது நீ குடிச்சிர மாட்டியான்னுதான்."

"அந்தத் தாளை ஏன் படிக்காமக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "படிச்சா போட்டிருக்க மாட்டேன். பயம்."

அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் அழுதேன்.

இரண்டு வருஷம் அந்தக் குடலோடு இருந்தேன். பிறகு சிறுநீரகத்தில் கல் வந்து, டாக்டரே சேர்த்ததைப் பிரித்துப் பழையபடி தைத்துவிட்டார். குறைந்ததில் பாதி எடை திரும்பி வந்தது. மீதியை அரிசியைக் குறைத்து, காலையில் மெரினா வரை நடந்து, நானே பிடித்து வைத்துக்கொண்டேன். விறகுத்தொட்டித் தராசில் இன்னொரு முறையும் ஏறி உட்கார்ந்தேன். எண்பத்தாறு என்றான் தொட்டிக்காரன். அவன் தராசு கூடக் காட்டும் என்பதால் எண்பத்து மூன்று என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா மந்தைவெளிக்கு வரும்போதெல்லாம் குடித்தனக்காரர்களைக் கூட்டி வைத்து அந்தக் கதையைச் சொல்வாள். "அந்தப் பாவி டாக்டரு மருந்தக் குடுத்து எம்மவளக் கொல்லப் பாத்தாரு. நான் வச்ச பத்தியத்துலதான் உசுரு நின்னுச்சு." நான் ஆமாம் என்பேன். என் கணவரும் ஆமாம் என்பார்.

எனக்கு நாற்பத்திரண்டு பிறந்த அன்று அம்மா எங்களோடு இருந்தாள். மத்தியானம் அவளே பரிமாறினாள். தட்டில் சோறு நிறையவே இருந்தது. கரண்டியோடு நின்று, "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?" என்றாள். அந்தக் குரலில், இத்தனை வருஷமாக இல்லாத அந்த முதல் நாள் தயக்கம் இருந்தது. நான் குடிக்காமல் ஊற்றிய மருந்தில் பட்டுப்போன செடியையும், மீன்காரி குடித்த இளநீரையும், டாக்டர் சொன்ன புது மருந்தையும் சேர்த்துப் பார்த்து அவள் என்றோ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

"வைம்மா" என்று தட்டை நீட்டினேன்.