சம்பந்தம் பேசப் போன பீங்கான் கஃபே: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு கஃபேக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். சுவர் முழுக்கக் கையால் செய்த பீங்கான் தட்டுகளை மாட்டி வைத்திருக்கும் கடை. ஒரு கோப்பி குடிக்க ஒரு மணி நேரம் ரயில் ஏறிப் போகிற ஆள் நானில்லை. கிள்ளானில் இருபத்தெட்டு வருடமாகப் பீங்கான், பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். அதற்கு முன்னால் பழைய வேனில் தட்டு அடுக்கிச் சந்தை சந்தையாக விற்றவன். தட்டைப் பார்க்க நான் காசு செலவழித்து எங்கும் போக வேண்டியதில்லை. போனது என் மகளுக்காக.

மகள் தரணிக்கு முப்பத்தொரு வயது. போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு குடும்பமும் வந்து உட்கார்ந்து, நன்றாகப் பேசி, கேசரியையும் வடையையும் தொடாமல் எழுந்து போனார்கள். நம் ஆட்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பேச்சு முடிகிற வரைக்கும் பையன் வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம், தட்டு அப்படியே இருந்தால் இல்லை. இரண்டாவது குடும்பம் போன பிறகு, மீந்த கேசரியைத் தரணி அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். கேட்டதற்கு, “வேஸ்ட்டா போகுமேப்பா” என்றாள். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே நிற்க முடியவில்லை.

இந்தப் பையன் அவளே பார்த்தது. பெயர் பிரகாஷ், துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வையாளர், வீடு சாலாக் செலாத்தானில். இரண்டு வருடப் பழக்கம். எனக்கும் என் மனைவி செல்விக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அவனுடைய அம்மாதான் பழைய கட்டுப்பாடு உள்ளவர் என்று சொல்லியிருந்தான். வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்று நான் ஆரம்பித்ததுமே தரணி மறித்துவிட்டாள்.

“வேணாம்ப்பா. நம்ம வீட்டுத் தட்டுல மிஞ்சுறத நான் இன்னொரு தடவ பாக்க மாட்டேன். வெளியில பாப்போம். பொதுவான எடமா இருக்கட்டும்.”

அப்படி முடிவானதுதான் இந்தக் கஃபே. காலை பதினொரு மணிக்குச் சந்திப்பு.

காரில் போனால் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆனால் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி மானம் போய்விடும். அதனால் கிள்ளானில் 8.50 ரயில் ஏறினோம். ஒரு மணி பத்து நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். ஆளுக்குக் கட்டணம் ஒரு கஃபே கோப்பியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், பெட்டிக்குள் குளிர் அதிகம். பட்டுச் சேலையோடு செல்வி நடுங்கினாள், இறங்கினதும் வியர்த்துக் கொட்டினாள்.

ரயிலில் தரணி எனக்கு மூன்று கட்டளை போட்டாள். விலை கேட்கக் கூடாது. பேரம் பேசக் கூடாது. முக்கியமாக, தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்க்கக் கூடாது. கடைசியது எனக்குக் கை தானாகச் செய்கிற வேலை. எந்தக் கல்யாண விருந்துக்குப் போனாலும் தட்டின் அடியில் என்ன முத்திரை, எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்துவிடுவேன். ஒரு தடவை குழம்போடு பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து கடைக்கு 900 மீட்டர், நிதானமாக நடந்தால் பதினைந்து நிமிடம். ஜாலான் துன் சம்பந்தனில் நேராகப் போய், ஒரு பூக்கடை வந்ததும் பக்கத்துச் சந்தில் திரும்ப வேண்டும். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் வழி கேட்டேன்.

“அந்தச் சட்டி பானை மாட்டின கோப்பி கடையா? நேரா போங்க அங்கிள், நீலக் கதவு.” செல்வியின் சேலையையும் என் சட்டையையும் ஒரு பார்வை பார்த்தார். “பொண்ணு பாக்கப் போறீங்களா, காட்டப் போறீங்களா?”

“காட்டப் போறோம்” என்றாள் தரணி.

“அப்ப ரெண்டு முழம் வெச்சிட்டுப் போ. மொகத்துல பயம் தெரியுது. பூ இருந்தா பூவத்தான் பாப்பாங்க.” காசு வாங்கும்போது மட்டும் எட்டு வெள்ளியில், ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பத்து காசு குறைக்கவில்லை. அந்தப் பெண்மணி பிழைத்துக்கொள்வார்.

கடைக்குள் நுழைந்தபோது மணி 10.25. பழைய இரட்டை மாடிக் கடைவீடு, நடுவில் கூரையைத் திறந்துவிட்டு வெளிச்சம் கீழே விழும்படி செய்திருக்கிறார்கள். இடது சுவரில் இருநூறு தட்டாவது இருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கடல் பச்சை, சாம்பல், வெந்த செங்கல் நிறம். விளக்கு மூடி மண், கை கழுவும் தொட்டி மண், மேசை எண்கூட மண்ணில் சுட்டது. மூன்று பெண்கள் ஒரு கேக்கை நடுவில் வைத்து, நாற்காலி மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. கோப்பையை எடுத்துப் பார்த்தேன். வாய் சற்றுக் கோணல், பக்கத்தில் கட்டைவிரல் அழுத்தின பள்ளம். என் கடையில் இது கழிவுக்கூடைக்குப் போகும். இங்கே அலமாரியில் 85 ரிங்கிட் என்று ஒட்டியிருந்தது. பேசாமல் வைத்துவிட்டேன்.

10.40க்குத் தரணியின் போன் அடித்தது. பிரகாஷ் வீட்டார் வண்டி நிறுத்தி நடந்து வருகிறார்களாம். கூட்டிவரப் போனாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இங்கே கவுன்டரில் சொல்லி, அங்கேயே காசு கட்ட வேண்டும். அவர்கள் வந்த பிறகு யார் கட்டுவது என்று இழுபறி வேண்டாம், பெண் வீட்டுக்காரன் முந்திக்கொள்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஆறு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நாலு லாத்தே, இரண்டு டீ, நாலு துண்டு கேக். 164 வெள்ளி. வலித்தது, ஆனால் கம்பீரமாகக் கட்டினேன்.

அவர்கள் வந்து உட்காரும்போது மேசை நிறைந்திருந்தது. பிரகாஷின் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கையைப் பிடித்துக் குலுக்கி, “என்ன பாஸ், கல்யாணமே இங்கதானா” என்றார். அம்மா, லெட்சுமி, மெல்லிய குரல், பார்வை மட்டும் கூர்மை. மேசையைப் பார்த்தார்.

“எல்லாம் சொல்லிட்டீங்களாண்ணே?”

“சொல்லி, கட்டியும் ஆச்சு. நீங்க சாப்பிடுங்க.”

“ஆகட்டும்” என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். தரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சு நடந்தது. ரயில், மழை, துறைமுகத்து ஷிப்ட் எல்லாம் வந்தது. அவர் கை மட்டும் மடியிலிருந்து எழவில்லை. அவர் தொடாததால் கணவரும் தொடவில்லை, பிரகாஷும் தொடவில்லை. அவர்கள் தொடாததால் நாங்களும் தொடவில்லை. கோப்பியின் மேல் போட்டிருந்த நுரைப் பூ கலைந்து ஆடை படர்ந்தது. மணி 11.20. தரணி கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடுப்படியும் கேசரியும் நினைவுக்கு வந்துவிட்டது. பொது இடம் என்று இவ்வளவு தூரம் வந்தும் அதே தட்டு.

கை சும்மா இருக்கவில்லை. காலியாக இருந்த ஒரு சிறிய தட்டை எடுத்துக் கவிழ்த்துவிட்டேன்.

“அப்பா, ப்ளீஸ் லா” என்றாள் தரணி, பல்லுக்குள்.

“அதுல என்ன பாக்குறீங்க?” என்று லெட்சுமி அம்மா கேட்டார். அரை மணி நேரத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன். மெஷின் தட்டு என்றால் அடி வட்டம் ஒரே சீராக இருக்கும், இதில் விரல் ஓடின தடம் இருக்கிறது. நகத்தால் சுண்டினால் மணிபோல் கேட்டால் நன்றாக வெந்தது, மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அவர் வாங்கிச் சுண்டிப் பார்த்தார். கணவரும் வாங்கிச் சுண்டினார். பக்கத்து மேசைப் பெண்கள் எங்களைப் படம் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு லெட்சுமி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். செல்வி மேசைக்கடியில் என் முழங்காலைப் பிடித்தாள். ஆனால் அவர் வாசலுக்குப் போகவில்லை, கவுன்டருக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு, அதில் ஒரு துண்டு பாண்டான் கேக், பக்கத்தில் ஒரு டீ. அதைத் தரணியின் முன்னால் வைத்தார்.

“இது எங்க காசு. நீ சாப்பிடும்மா.”

தரணி ஒரு வாய் எடுத்தாள். கரண்டி தட்டில் தட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். “கோவிச்சுக்காதீங்கண்ணே. பொது எடம், அவங்கவங்க காசுன்னுதான் நான் வந்ததே. நீங்க முந்திக்கிட்டு எல்லாத்தையும் பொண்ணு வீட்டுச் சாப்பாடா ஆக்கிட்டீங்க. பேச்சு முடியாம நான் எப்படிக் கை வெக்கிறது?”

இருபத்தெட்டு வருட வியாபாரத்தில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். இப்படி ஒரு தவறு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. 164 வெள்ளி கட்டி, நானே கஃபேயை என் வீட்டுக் கூடமாக மாற்றியிருக்கிறேன்.

“அப்ப பேச்ச முடிச்சிடு லெட்சு” என்றார் அவர் கணவர். “காலையில நீ பசியாறவும் விடல. எனக்கு உசுரு போகுது.”

“இருங்க” என்று அவரை அடக்கிவிட்டு லெட்சுமி அம்மா என்னைப் பார்த்தார். “ஜாதகம் பாத்தீங்களா?”

“பாக்கல” என்றேன். “முன்ன ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. நடக்கல.”

“நான் பாத்தேன். பையன்கிட்ட பேச்சோட பேச்சா பொண்ணு பொறந்த நேரத்த வாங்கி, எதுக்குன்னு அவனுக்கே தெரியாம. பத்துக்கு ஆறுதான்.”

பிரகாஷ் தலையைத் தூக்கி, “அம்மா” என்றான், அவ்வளவுதான்.

“ஆறுன்னா பாஸ் மார்க்குதானே” என்றார் அவன் அப்பா.

“நானும் அதத்தான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்” என்றார் லெட்சுமி அம்மா. “ஆறு கம்மிதான். ஆனா இவன் ரெண்டு வருஷமா வீட்டுல பாட்டுப் பாடிக்கிட்டுத் திரியறான். முன்ன அப்படி இல்ல. பொண்ண நேர்ல பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டு, நான் வாங்கி வைத்த கேக்கைத் தன் பக்கம் இழுத்தார். ஓரத்தில் கரண்டி போட்டு, ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். மென்றார். ஆறிப்போன கோப்பியையும் ஒரு மடக்கு குடித்தார்.

“சீனி பத்தல” என்றார்.

“இன்னொன்னு சூடா சொல்லட்டுமா ஆன்டி?” என்று தரணி எழுந்தாள்.

“ஒக்காரு. ஆன்டியா? அத்தைன்னு கூப்புடு.”

செல்வி என் முழங்காலை விட்டாள். அப்போதுதான் வலி தெரிந்தது. நான் என் கோப்பியை எடுத்துக் குடித்தேன். ஜில்லென்றிருந்தது, ஆடை உதட்டில் ஒட்டியது. பதினாறு வெள்ளி கொடுத்து இவ்வளவு மோசமான கோப்பியை நான் குடித்ததில்லை. இன்னொரு முறை இதே கோப்பிக்கு இதே காசு கேட்டாலும் கொடுப்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பன்னிரண்டே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். கடைக்காரப் பெண் வந்து பேசினார். முப்பத்தைந்து வயதிருக்கும் சீனப் பெண். அம்பாங்கில் பட்டறை வைத்துத் தானே எல்லாவற்றையும் செய்வதாக மலாயில் சொன்னார். லெட்சுமி அம்மா அலமாரிக் கோப்பையைக் காட்டி என்னிடம், “உங்க கடையில இது என்ன வெல?” என்று கேட்டார். நாலு வெள்ளி என்றேன். “அப்ப கல்யாணச் சாமான் எல்லாம் உங்க கடையிலதான்” என்றார் அவர் கணவர். சம்பந்தி விலை என்று ஒன்று கேட்கப்போகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சிரித்து வைத்தேன். பரவாயில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது. பதினொன்றரைக்கு மேல் சனி, ஞாயிறில் இடம் கிடைக்காது. நல்ல வெளிச்சம் நடு மேசைகளுக்குத்தான், படம் எடுக்க ஆசை இருந்தால் அதைப் பிடியுங்கள். லாத்தே 16, டீ 14, கேக் துண்டு 18. பாண்டான் கேக் நன்றாக இருந்தது என்று மகள் சொல்கிறாள். லாத்தே சூடாக இருந்தால் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி உள்ளே, தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. சாப்பாடு இல்லாத தட்டாக இருக்கட்டும்.

கடைசியாக, சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்கு மட்டும். கவுன்டரில் முந்திக்கொண்டு காசு கட்டாதீர்கள். அவரவர் தட்டுக்கு அவரவர் கட்டட்டும். நாங்கள் கிளம்பும்போது கடைப் பெண், மீந்தது இருந்தால் தாப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தார். தரணி மேசையில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு துணுக்கு கேக்கூட மீதி இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.