ஆறு நிமிஷமும் மண்ணியல் பரீட்சையும்

பெரியவள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் கணவர் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பேராசிரியர். கூட வேலை பார்க்கிற இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஒருவர் சட்டம் சொல்லிக்கொடுப்பவர், இன்னொருவர் சரித்திரம்.

"நீங்க இன்னும் ஆறு நிமிஷத்துகிட்ட மாட்டலையா சார்?" என்று சட்டக்காரர் ஆரம்பித்தார். "ஆன்லைன் பாடம்னு நம்மளைக் கேமரா முன்னாடி நிக்க வைக்கிறாங்களே, அந்தப் பிரிவுல ஒரு பொண்ணு. நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசி முடிச்சுட்டு வேர்வையைத் தொடைக்கிறேன். கடிகாரத்தைப் பாத்துட்டு, 'சார், இதுல ஆறு நிமிஷம்தான் பாடம். மீதி எல்லாம் நீங்க'ங்குது!"

"என்கிட்ட இன்னும் மோசம்," என்றார் சரித்திரக்காரர். "'சார், ராஜா செத்துப் பத்து நிமிஷம் ஆச்சு, நீங்க இன்னும் எடுக்கவே விடல'ன்னா."

மேசையில் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவள் பெரியவள். சிரித்து முடித்துவிட்டு, "என்ன வாய்க்கொழுப்பு! வளர்த்த லட்சணம் தெரியுதே," என்றாள். பேராசிரியர் மட்டும் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னார்: "வளர்த்த லட்சணம்னியே, வளர்த்தது நீதான். அது உன் தங்கச்சி."

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒன்பது வயது வித்தியாசம். தாய் போய்ச் சேர்ந்தபோது பெரியவளுக்கு இருபத்தாறு, சின்னவளுக்குப் பதினேழு. அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். தாய்மாமன் இருந்தார், இருந்து என்ன, சாவு வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டார். சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். துணி துவைக்கிற மெஷின் இருந்த பின்னறையில் ஒரு கட்டில் போட்டுக்கொடுத்தார்கள். மெஷின் சுழல்கிற நேரத்தில் கட்டிலும் கூடச் சேர்ந்து ஆடும். அங்கே இருந்துதான் அவள் கல்லூரி முடித்தாள். ஆக, வளர்த்தது யார் என்று கேட்டால் பெரியவள்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் சின்னவளிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்லுவாள். அந்த நாலு வருஷமும் அத்தானின் வகுப்புக் குறிப்பு, கேள்வித்தாள், கட்டுரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது அவள்தான். அவர் கையெழுத்து அவருக்கே திரும்பப் படிக்க வராது. அடிக்கும்போதே, "அத்தான், இதை முன்னாடி சொல்லிட்டு அதைப் பின்னாடி சொன்னா புரியும்ல?" என்பாள். "சொன்னதை அடி" என்பார் அவர். பிறகு அதையே தொழிலாகப் படித்து வேலைக்குப் போனாள். வாத்தியார் பேசுகிறதை வாங்கி, எது முதலில், எது பிறகு, எங்கே படம், எங்கே பயிற்சி, எங்கே கேள்வி என்று பிரித்து, வீட்டில் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் புரிகிற மாதிரி அடுக்கிக் கொடுக்கிற வேலை. பாட வடிவமைப்பாளர் என்று பெயர். அக்காவுக்கு அது 'ஏதோ கம்ப்யூட்டர் வேலை'. அன்று வரைக்கும் அவ்வளவுதான் தெரியும்.

விருந்தாளிகள் போன கையோடு பெரியவள் போனை எடுத்தாள்.

"ஏண்டி, உங்க அத்தான் வேலை பாக்கிற இடத்துல பெரிய பெரிய வாத்தியாருங்களைக் கேவலப்படுத்திட்டுத் திரியறியாமே?"

"அத்தான் பாடம் இன்னும் என்கிட்ட வரவே இல்லக்கா."

"வந்தா?"

"வந்தா அவருக்கும் ஆறு நிமிஷம்தான்."

"அப்ப இனிமே என் வாசப்படியை மிதிக்காத."

சின்னவளும் வீம்புக்காரி. சரி என்று வைத்துவிட்டாள். வாடகை வீடு பார்த்துப் போயிருந்தவள், மாதத்துக்கு இரண்டு தடவை வருவதையும் நிறுத்தினாள். மூன்று வருஷம் ஓடியது. தாய்மாமன் மகள் கல்யாணத்தில் ஒருத்தி இந்தக் கோடியில் உட்கார்ந்தால் மற்றவள் அந்தக் கோடியில். போட்டோவுக்குக் கூட இரண்டு தடவையாகத்தான் நின்றார்கள். பெரியவள் இதை மறைக்கிற ஆளும் இல்லை. யார் கிடைத்தாலும் சொல்லுவாள். பல்கலைக்கழகக் குடும்பங்கள் எல்லாம் கூடுகிற வருடாந்தர விழாவில் பதிவாளர் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சொன்னாள்: "என் படியேறி மூணு வருஷம் ஆச்சு மேடம். ஏறட்டும் பாக்கலாம், காலை ஒடிக்கிறேன்."

அந்த வருஷம்தான் மண்ணியல் பாடம் ஆன்லைனுக்குப் போனது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். வேறு வடிவமைப்பாளர் யாரும் கையில் இல்லை என்று பாடத்தைச் சின்னவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

படம் பிடிக்கிற அறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டியிருக்கும். மின்விசிறி போட்டால் சத்தம் பதியும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். பேராசிரியர் கோட்டுப் போட்டுக்கொண்டு வெந்தார். அவர் வாலிபத்தில் பாலைவனத்தில் மண் தோண்டப் போன கதை ஒன்று உண்டு. முப்பது வருஷமாக எல்லா வகுப்பிலும் சொல்லுவார், ஒட்டகம் கூட வரும்.

"ஒட்டகம் வேண்டாம் அத்தான்," என்றாள் சின்னவள்.

"இங்க நான் உனக்கு அத்தான் இல்ல."

"ஒட்டகம் வேண்டாம் சார்."

ஒட்டகம் போனது. அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசுவதெல்லாம் மின்னஞ்சலில்தான், அதுவும் ஒற்றை வரி.

பரீட்சைக் கேள்விகள் வந்தபோது சண்டை முற்றியது. அவர் எண்பது கேள்வி கொடுத்திருந்தார். அதில் இருபத்தாறு கேள்விக்கு விடை இப்படி இருந்தது: மண் அரிப்பைத் தடுப்பது எது? அ, மரம் நடுதல். ஆ, தரையைச் சுத்தமாகச் செதுக்குதல். இ, வரப்புக் கட்டுதல். ஈ, 'அ'வும் 'இ'யும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆன்லைன் பரீட்சையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் விடைகளைச் சீட்டு மாதிரிக் கலைத்துப் போட்டுவிடும், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாது. மரம் நடுதல் இரண்டாவதாகப் போய், செதுக்குதல் முதலில் வந்துவிட்டால், 'அவும் இயும்' என்ற விடைக்கு என்ன கதி? படித்த பிள்ளை குழம்பும், படிக்காத பிள்ளை குத்துமதிப்பாக அழுத்தி மார்க் வாங்கும்.

இதை எழுதி, மாற்றித் தரச் சொன்னாள். "முப்பது வருஷமாக இப்படித்தான் கேட்கிறேன்" என்று பதில் வந்தது. சரி, மாற்றாவிட்டால் போகட்டும் என்று அந்த இருபத்தாறு கேள்விக்கு மட்டும் கலைக்கிற வசதியை நிறுத்தி வைத்தாள். யாராவது கை வைத்தால் திரையில் முதலில் வந்து நிற்கிற மாதிரி ஒரு குறிப்பும் எழுதிப் போட்டாள்.

சின்னவள் போன பிறகு அந்த வீட்டில் பேராசிரியருக்கு எல்லாம் அடித்துக் கொடுப்பது பெரியவள்தான். அவருடைய கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். வெளியாள் யாருக்கும் அதைச் சொல்லக்கூடாது, பெண்டாட்டிக்குக் கூட, என்று பல்கலைக்கழகத்தில் சட்டம். கேள்வியும் விடையும் அதற்குள்தானே இருக்கின்றன? அவர் அதைச் சட்டை செய்ததில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பசங்க ஒரே வீட்ல கூடி உக்காந்து காப்பி அடிக்கப் போறாங்களாம். எல்லாக் கேள்வியையும் கலைச்சுப் போட்டுடு."

பெரியவள் பாத்திரம் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பொத்தானை அழுத்தப் போகும்போது குறிப்பு எழும்பி நின்றது. 'இவற்றைக் கலைக்க வேண்டாம். காரணம் கீழே.' அடியில் தங்கையின் பெயர்.

பேரைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டு மேசையிலேயே வந்து எனக்கு உத்தரவு போடுகிறாளா! காரணத்தைப் படிக்கவில்லை. குறிப்பை மூடினாள், பொத்தானை அழுத்தினாள்.

வியாழக்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை காலைக்குள் முந்நூற்று நாற்பது பேர் தோல்வி. 'இ' என்ற விடையில் 'அவும் இயும்' என்று, தன்னையே தான் காட்டிக்கொண்டு நின்ற கேள்வியைப் படம் எடுத்துப் பிள்ளைகள் ஊரெல்லாம் அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் நாறியது. பேராசிரியர் அடுத்த மாதம் டீன் ஆக வேண்டியவர். விசாரணை என்று கடிதம் வந்ததும், "அது வடிவமைப்பாளர் செய்த தவறு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது நிரூபணமானால் சின்னவளுக்கு வேலை போகும்.

விசாரணைக்கு முந்தின நாள் பெரியவள் தங்கையின் அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாம் மாடி, நாலு மேசை, யாரோ ஊற்றிவைத்து மறந்த தேநீர். உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள்.

"நீ செஞ்சேன்னு ஒத்துக்க. உனக்கு வேற வேலை கிடைக்கும். அவருக்கு இந்த வயசுல வேற பதவி கிடைக்காது."

"நான் செய்யலையேக்கா."

"செஞ்சவங்கதான் ஒத்துக்கணும்னு இருந்தா குடும்பம்னு எதுக்கு? நாலு வருஷம் சோறு போட்டிருக்கேன்டி."

"நாலு வருஷம் அடிச்சுக் குடுத்திருக்கேன். சோறு செரிச்சுப் போச்சு. அவர் கட்டுரை இன்னும் புத்தகத்துல இருக்கு, என் பேர் எங்கயும் இல்ல."

"அப்ப அவரைக் காட்டிக் குடுக்கப் போற?"

சின்னவள் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "யார் எப்ப எதைத் தொட்டாங்கன்னு எல்லாம் இதுல பதிவாகும். செவ்வாய்க்கிழமை, பதினொண்ணு பதினாலு. அத்தான் பேர்ல. ஆனா அத்தான் அப்ப வகுப்புல நின்னு பாடம் நடத்திட்டிருந்தார். கால அட்டவணையிலயே இருக்கு. பொத்தானை அமுக்கினது உங்க வீட்டுலேர்ந்து. என் குறிப்பைத் திறந்து மூடினதும் இருக்கு. நாலே விநாடி." நிறுத்தினாள். "நாலு விநாடியில என் பேரைத் தவிர வேற எதையும் படிச்சிருக்க முடியாது."

பெரியவள் திரையைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினாள். "நீ உருப்பட மாட்ட" என்று எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கணவருக்குத் துணைக்கு என்று வந்தது. உள்ளே சின்னவள் பதிவுத் தாளை மேசையில் வைத்தாள். பேராசிரியர் நினைத்திருந்தால், 'என் மனைவிதான் அழுத்தினாள், நான்தான் சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். டீன் பதவி அதோடு போயிருக்கும். அவர் வேறு வழி பிடித்தார்.

சிப்பந்தி வந்து கதவைத் திறந்தான். "மேடம், உங்களையும் கூப்பிடறாங்க."

நீள மேசைக்கு அந்தப் பக்கம் பதிவாளர் அம்மாளும் இன்னும் இரண்டு பேரும். "உங்க தங்கச்சிக்கு உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் பழக்கமாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்திருந்தப்ப அவங்கதான் சாரோட பேர்ல உள்ள போயிருக்கணும்னு சார் சொல்றார். வந்தாங்களா?"

கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் அக்காவையே பார்த்தாள். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லில் அவருக்குப் பதவி நிற்கும், இவளுக்கு வேலை போகும்.

"ஆமா," என்றாள் பெரியவள். "வந்தா. அப்பப்ப வருவா."

பதிவாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போன மாசம் விழாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க? மூணு வருஷமா படியேறல, ஏறினா காலை ஒடிப்பேன்னீங்களே? நான் வீட்ல போய்ச் சொல்லிச் சிரிச்சேன்மா."

பெரியவள் கணவர் பக்கம் திரும்பினாள், அவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவள் மேல் இருந்த ஆங்காரத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்கு அதுவே எழுந்து வந்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

"எப்ப வந்தாலும் ஆறு நிமிஷத்துக்கு மேல உக்கார மாட்டா" என்று யாரோ மேசைக் கோடியில் முணுமுணுத்தார்கள். ஒருவர் சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு, "நான் போகலாமா மேடம்?" என்று கேட்டாள்.

வெளியே நடைபாதையில் பெரியவள் பின்னாலேயே வந்தாள். "திருப்தியாடி உனக்கு?"

"உள்ள பொய் சொன்னியே, ஒரு தடவை என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாம்."

அதுதான் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது.

டீன் பதவி சட்டக்காரருக்குப் போனது. பேராசிரியரின் கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் இப்போதும் கரும்பலகையில் மண்ணியல் நடத்துகிறார், ஒட்டகத்தோடு. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் விடைத்தாளையும் சின்னவள் ஒன்பது நாள் உட்கார்ந்து கையால் திருத்தினாள். இருபத்தாறு கேள்விகளையும் புதிதாக எழுதினாள். குற்றம் அவள் மேல் இல்லை என்று கடிதமும் கொடுத்தார்கள்.

கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பிறகு எந்தப் பேராசிரியரும் அவளிடம் பாடம் கொடுக்கவில்லை. பதிவைத் தாளில் எடுத்து நீட்டுகிறவளோடு ஓர் அறையில் உட்கார அவர்களுக்குப் பயம். வாயில் சிரிப்பும் நெஞ்சில் விஷமுமாகத் தள்ளிப் போனார்கள். சரித்திரக்காரர் வேறு ஆளைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு அவள் வேலையை விட்டாள். பெரியவள் தாய்மாமன் வீட்டுக்குப் போன் போட்டு, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, உருப்பட மாட்டான்னு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, மாமன் ஏதாவது சொல்லுவாரா என்று காத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இப்போது ஆறு நிமிஷம் வேறு ஊரில் இருக்கிறாள். செவிலியர் கல்லூரி ஒன்றின் இரண்டாம் மாடியில், ஊசி போடுவது எப்படி என்ற பாடத்தைச் செய்துகொண்டிருக்கிறாள்.