அவசர வழிக் கயிறு

அவரைக் கயிற்றுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நடுத்தெருவில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ஓட்டப்பந்தயம், பாட்டுக் கச்சேரி, விற்பனை விழா எதுவானாலும் அனுமதி கொடுக்கும்போது நகராட்சி ஒரு நிபந்தனை போடும். கூட்டத்துக்கு நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்கு அவசர வழி விட வேண்டும். அதைக் காக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வழி அடைபட்டால் அனுமதி அந்த நிமிடமே செல்லாது.

அந்தப் பயிற்சி பெற்ற ஆள்தான் இவர். வழியின் வாயிலில் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். சுழல்விளக்கு தெரிந்ததோ இல்லையோ, முனையை விட்டுவிடுவார். கயிறு தரையில் விழும், வண்டி அதன்மேல் ஏறிப் போகும். அவ்வளவுதான் வேலை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு பந்தயத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஒருவரை ஆம்புலன்ஸ் இந்த வழியாகத்தான் அள்ளிக்கொண்டு போனது. பிழைத்து வந்த மனிதர் இவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து இவருக்கு அந்தக் கயிற்றின்மேல் ஒரு கர்வம். மனைவி போய்ச் சேர்ந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் கர்வமும் ஒரே மகளும்தான்.

மகள் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே தீப்பிடித்த அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்ததால் தப்பித்தாள். வெளிக்கதவு பூட்டியிருந்தது. சந்தில் சரக்கு லாரிகளை நிறுத்தியிருந்ததால் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியவில்லை. பொத்தான் பிரிவில் மேற்பார்வை பார்த்த பொத்தானக்காவின் மகளும் உள்ளே மாட்டிச் செத்தவர்களில் ஒருத்தி. முதலாளிமேல் ஒரு வழக்குக்கூட இல்லை. மனிதர் ஜம்மென்று காரில் போய் வந்துகொண்டிருந்தார்.

அவர்மேல் கேஸ் போடச் சொல்லி நகராட்சி வாசலில் உட்காரக் கம்பெனிப் பெண்கள் அனுமதி கேட்டார்கள். அலையாய் அலைந்தார்கள். ஒரு தேதியில் பூக்கண்காட்சி என்றார்கள், இன்னொரு தேதியில் சாலை வேலை என்றார்கள். கடைசியில் போனால் போகிறது என்று கொடுத்தார்கள், அவசர வழி நிபந்தனையோடு. அதற்கு ஆள் கிடைக்கவில்லை. இந்தக் கூட்டத்துக்குக் கயிறு பிடித்தால் அப்புறம் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

மகள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்பா, நீங்க வர்றீங்களா?"

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். ஆனாலும் சொன்னார். "வர்றேம்மா. ஆனா ஒண்ணு, வழியில ஒரு செருப்புகூடக் கிடக்கக்கூடாது."

"அதை நாங்கதான் உங்களுக்குச் சொல்லணும்ப்பா. அன்னிக்கு வழி இல்லாமத்தானே எல்லாம் போச்சு."

போராட்ட நாள் காலையிலிருந்தே அவர் அமர்க்களம் தாங்க முடியவில்லை. "அக்கா, காலை மடக்குங்க. அம்மா, பையை மடியில வைங்க." பொத்தானக்கா மகளின் படத்தை மார்போடு அணைத்தபடி வழியோரமாக உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற மாதிரியில்ல சுத்தி சுத்தி வர்றீங்க!" என்றாள். தீ விபத்துக்கு அப்புறம் அவள் சிரித்ததைக் கயிற்றுக்காரரின் மகள் அன்றுதான் பார்த்தாள்.

அனுமதித்த நேரம் முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. சைரன் கேட்டது. வாயிலில் சுழல்விளக்கோடு வந்து நின்றவை போலீஸ் வேன்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. கண்ணாடியை இறக்கி அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "பெரியவரே, அவசர வழிதானே? விடுங்க."

மேடையில் மைக்கைப் பிடித்திருந்த மகள் அலறினாள். "அப்பா, விடாதீங்க! அது ஆம்புலன்ஸ் இல்ல!"

அவருக்குக் கண் தெரியாமலா போய்விட்டது? ஆம்புலன்ஸ் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் மறித்தால் அனுமதி போய்விடும், அத்தனை பேரும் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள். அதைத்தான் நினைத்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். நிஜத்தில் எதையும் நினைக்க நேரமில்லை. விளக்கு சுழன்றது, கை விட்டது.

வேன்கள் நேராகக் கூட்டத்தின் நடுவுக்கே போய் நின்றன. செருப்புகூட இல்லாமல் துடைத்து வைத்த வழி அல்லவா, ஒரு தடங்கலும் இல்லை. இருபக்கமும் கதவு திறந்து, பெண்களைத் தலைமுடியைப் பிடித்து ஏற்றினார்கள். தள்ளுமுள்ளில் பொத்தானக்கா சரிந்து விழுந்தாள். மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்தது. யாரோ போன் செய்ய, ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது. வந்து வாயிலிலேயே நின்றுவிட்டது. வழி முழுக்க வேன்கள்.

"எடுங்கய்யா! வண்டிய எடுங்கய்யா!" என்று கயிற்றுக்காரர் ஒவ்வொரு வேனாகத் தட்டிக்கொண்டு ஓடினார். ஒரு டிரைவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "ஆர்டர் வரணும்" என்றான். கடைசியில் பேனர் துணியைக் கிழித்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். துணியின் ஒரு முனையை அவர்தான் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றியபோது உயிர் இல்லை.

அவசர வழி நிபந்தனைப்படி முழு நேரமும் திறந்திருந்தது என்று நகராட்சி அறிக்கை விட்டது. அந்த வரியைப் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை.

மகளைச் சிறையில் பார்க்க அனுமதி கிடைத்ததும் போனார். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை உருப்போட்டு வைத்திருந்தார். சைரன் சத்தத்தில் உன் குரல் கேட்கவில்லையம்மா. அவ்வளவுதான். பாதி உலகம் நம்பக்கூடிய பொய்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் தையல். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தலையாட்டினார்.

"அப்பா, நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

உருப்போட்டது நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய அம்மாவின் அதே கண்கள் வலைக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கேட்டுச்சும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தொட்டதும் எழுந்தாள்.

"கேக்கலைன்னு சொல்லியிருக்கலாம்லப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.