கடைசி ராணியை வெட்டினால் ஜெயமா, சமமா?

ஊறப்போட்ட ஆவாரம்பட்டையின் வாடை... இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் பட்டால் எனக்குச் சதுரங்கப் பலகைதான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் குமாஸ்தாவாக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பட்டை மூட்டையின் மேல் பலகையை வைத்து, கூட வேலை பார்த்த கரீமும் நானும் ஆடுவோம். அவன் வீட்டு ஆட்டமுறைதான் எனக்கும் பழக்கம்.

அதில் ஒரு விநோதமான சட்டம் உண்டு. எதிரியின் காய்களையெல்லாம் வெட்டி, அவன் ராஜாவைத் தனியாக நிறுத்திவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளக்கூடாது. அதற்குப் பெயர் புர்ஜ். ஆட்டம் சமம்! ஆகவே எதிரியிடம் ஒரு ராணி மட்டும் மிச்சமிருந்தால் அதைத் தொடவே முடியாது. அதை உயிரோடு வைத்துக்கொண்டே ராஜாவை மடக்க வேண்டும்.

அந்த ராணி சும்மா இருக்குமா? செக், செக் என்று பலகை முழுக்க நம் ராஜாவை ஓட ஓட விரட்டும். எந்தக் கட்டத்தில் ஒளிவது என்று தெரியாமல் எனக்குத் தலை கிறுகிறுக்கும்.

"இன்னா பா, உன் ராஜா இம்மாம் பேஜாராய்ட்டான்?" என்று கரீம் பீடியைப் பற்றவைப்பான்.

இந்த லட்சணத்தில் நான் இருந்தபோதுதான் மாமா வந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர், ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவை அழைத்துப்போக வந்திருந்தார். குழந்தைக்கு ஐந்தாம் மாதம். ஆனால் அதற்கு இழுப்பு... பால் குடிக்கும்போதே நெஞ்சு கீச்கீச்சென்று கத்தும். ரயில்வே குவார்ட்டர்ஸிலோ கதவைத் திறந்தால் கரிப்புகை.

"பனி போவட்டும், நானே வர்றேன்" என்று அக்கா கெஞ்சினாள்.

மாமா கெட்டவர் இல்லை. பெண்டாட்டி வரமாட்டேன் என்கிறாள் என்று தன் அம்மாவிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அப்போது அவர் கண் மூலையில் கிடந்த என் பலகைமேல் விழுந்தது.

"வா மச்சான், ஒரு ஆட்டம் போடலாம். நீ ஜெயிச்சா அவ இங்கியே இருக்கட்டும். இல்லாங்காட்டி சாயந்திரம் வண்டிக்கு என்னோட வர்றா."

எந்தச் சட்டப்படி ஆடுவது என்று யாரும் கேட்கவில்லை. மாமா, ரயில்காரர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் எஞ்சின் டிரைவர்களிடம் இங்கிலீஷ் ஆட்டம் கற்றவர். அதில் புர்ஜ் எல்லாம் கிடையாது. எங்கள் ஆட்டத்தைப் பார்த்து, "இது இன்னா ரூலு, அடிச்சவனுக்கே நாமமா?" என்று ஒருமுறை கிண்டல் செய்தவரும் அவர்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்ததும் உட்கார்ந்தோம். கரீம் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். காய்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அவரிடம் ராணி மட்டும். என்னிடம் ராணியும் ஒரு சிப்பாயும். ஆரம்பித்தார் ஐயா... செக், செக், செக்! என் ராஜா ஓடுகிறான், ஓடுகிறான். உள்ளே குழந்தையின் நெஞ்சு கீச்சிடுவது கேட்கிறது.

வேறு வழி தெரியாமல் என் ராணியைக் குறுக்கே வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், அதே இடத்திலிருந்து அது மாமாவின் ராஜாவுக்குச் செக் சொல்லிக்கொண்டிருந்தது! மாமா என் ராணியை வெட்ட வேண்டியதாயிற்று. என் ராஜா அவர் ராணியை வெட்டினான். மிச்சம் இரண்டு ராஜாவும் என் சிப்பாயும். அவர் ராஜா எங்கோ தொலைவில். என் சிப்பாய் நேரே கடைசிக் கட்டத்துக்குப் போனால் ராணியாகிவிடும்.

"ஜெயிச்சிட்டேன்!" என்று எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஆட்டப்படி இது புர்ஜ் ஆயிற்றே... சமம் என்றால் அக்கா போக வேண்டுமே!

மாமாவும் அதைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஊர்ல தனி ராஜான்னா சமந்தானே மச்சான்?"

"நீங்க ஆட்றது இங்கிலீஷ் ஆட்டமாச்சே மாமா, அதுல ஏது புர்ஜ்?"

கூத்தைப் பாருங்கள். அவர் என் சட்டத்தைப் பேசுகிறார், நான் அவர் சட்டத்தைப் பேசுகிறேன். கொஞ்ச நேரத்தில் யார் எதைச் சொல்கிறோம் என்றே எனக்குக் குழம்பிவிட்டது. கரீமைக் கேட்டோம். அவன் தாடையைச் சொறிந்தான்.

"இங்க ஆடினா புர்ஜ். ஜோலார்பேட்டைல ஆடினா ஜெயிப்பு. எனக்கு ஒண்ணும் புரியல பா, என்னை உட்ருங்க."

வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள். தோளில் குழந்தை.

"எந்த ரூல்லயாவது என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு இருக்குதா?"

குழந்தையின் நெஞ்சு கீச்சிட்டது. மாமா குழந்தையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

"காயைக் கலைக்காதே மச்சான். ஆட்டம் இன்னும் முடியல."

தனியாகத்தான் வண்டி ஏறினார். தன் அம்மாவிடமும் இதையேதான் சொன்னாராம், ஆட்டம் முடியவில்லை என்று! லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் வருவார். முதலில் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார், அப்புறம் பலகையின் முன்னால் உட்கார்ந்து என்னோடு சண்டை. பனி போய், இழுப்பும் விட்ட பிறகுதான் அக்கா ஊருக்குப் போனாள்.

இப்போது எல்லா ஊரிலும் ஒரே சட்டம். புர்ஜ் என்றால் என் பேரனுக்குச் சிரிப்பு வருகிறது. அந்த இடத்தில் ராணிக்கு ராணி வெட்டிக்கொள்வதுதான் சரியான வழியாம், அவன் செஸ் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தப் புத்தகப்படி பார்த்தால் அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சண்டை போட மாமாவும் இல்லை, கரீமும் இல்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அதே மாதிரி இரண்டு ராஜாவையும் ஒரு சிப்பாயையும் வைத்து, "நீயே சொல்லு, அன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்று கேட்டேன்.

அவள் பலகையைப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னுமா தெரியல உனக்கு? நான்தாண்டா."